கலங்காமல் ஏறிய தண்ணீர்

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள்தான் அவள் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். அதற்கு முந்தைய நான்கு நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன்." "குளிருதா?" "பரவாயில்ல." அவள் வேலைக்குப் போவாள். நான் ஜன்னலருகே உட்கார்ந்து எதிர்வீட்டுப் புல்தரையைப் பார்ப்பேன். அந்தப் புல்லில் ஒருவர்கூட நடந்து நான் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் தெற்கே, மலையும் காடுமான ஒரு மாநிலத்தில் சின்ன ஊர் அது. அங்குள்ள ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்மாவுக்கு வேலை. நான் போன காரியம் ஒன்றுதான். அவளைத் திருவண்ணாமலைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது. "அவகிட்ட கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று என் மனைவி மல்லிகா விமான நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். முழங்கால் வலியால் அவளால் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர முடியாது. வந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள். நான் நான்கு நாளாகக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்மா அங்கேயே மேற்படிப்பு முடித்து வேலையில் இருந்தபோது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவன் நான். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். ஊரில் நயினார் வீடு என்பார்கள். ஆட்கள் கம்மி, வரன் அமைவது கஷ்டம். நம்மவர்கள், அமெரிக்காவில் வேலை, குடிப்பழக்கம் இல்லை என்றதும் மேற்கொண்டு நான் எதுவும் விசாரிக்கவில்லை. கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அவளிடமிருந்து போன் வந்தது.

எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில், பேரிடர் மேலாண்மைப் பிரிவில் நான் கண்காணிப்பாளர். அன்று சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்க எனக்குச் சரியா இல்லப்பா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சரிம்மா, மழை முடியட்டும், பேசலாம். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றேன்.

மழை முடிந்தது. நான் பேசவில்லை. அவளும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாசி மாதம், அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் கூப்பிட்டாள். பத்மாவுக்கு மணிக்கட்டு உடைந்திருப்பதாகவும், வீட்டை விட்டு வந்து பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் தங்கியிருப்பதாகவும் சொன்னாள்.

விவாகரத்து ஆகி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அவள் ஊர் மாறி, வேலை மாறி, தனியாக இருக்கிறாள். இன்னமும் கைபேசி அடித்தால், கூப்பிடுவது அவள்தானா என்று முதலில் பார்க்கிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

மூன்றாம் நாள் கொத்தமல்லி வாங்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன். அந்த ஊரில் நடந்துபோகச் சாலையோரம் இடம் விடவில்லை. கார்கள் என்னைப் பார்த்து ஒதுங்கின. ஓட்டுகிறவர்கள் கையாட்டினார்கள். ஒரு சின்ன பஸ் வந்தது, ஏறினேன். என்னைத் தவிர, மடியில் பூனைக் கூண்டை வைத்துக்கொண்டு ஒரு கிழவி மட்டும் இருந்தாள். கடை வந்தது. பஸ் நிற்கவில்லை. ஊரைச் சுற்றி மறுபடி கடை வந்தது. அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் முறையும் கடையைத் தாண்டிய பிறகு ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், எங்கே இறங்கணும்?" என்றார். சொன்னேன். "அதைத்தான் மூணு தடவை தாண்டியாச்சே! அந்தக் கயிற்றை இழுக்கணும்" என்றார். ஜன்னலுக்கு மேலே மஞ்சள் கயிறு ஒன்று ஓடியது. நான் அதைத் துணி காயப்போடும் கொடி போல ஏதோ என்று நினைத்திருந்தேன். பூனைக் கிழவி எனக்காக ஒருமுறை இழுத்துக் காட்டினாள். நம்மூர் டவுன் பஸ்ஸில் நான் எழுந்து நிற்கும் முன்பே நாலு பேர், "பெரியவரு இறங்கறாரு, நிறுத்துப்பா" என்று கத்தியிருப்பார்கள்.

கொத்தமல்லி கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்றேன். நம்மூரில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் வெள்ளைக்காரர்கள் இப்படித் தனியாக உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கெல்லாம் வீட்டில் யாருமே இல்லையா என்று எண்ணிக்கொண்டே கடந்துபோயிருக்கிறேன். அன்று பக்கத்து மேசைக் குழந்தை ஒன்று என்னை அப்படித்தான் பார்த்தது.

நான்காம் நாள் சாயங்காலம் பத்மாவின் அறையில் ஒரு மேசையைக் கண்டேன். சின்ன இடுக்கி, வண்ண நூல்கண்டுகள், கோழி இறகு, மயில் இறகின் துணுக்குகள். பெட்டி பெட்டியாக ஏதோ பூச்சிகள்.

"இது இன்னாம்மா, கைவேலையா?"

"தூண்டில்ப்பா. மீனுக்குப் பூச்சி மாதிரி தெரியும்."

உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு பூச்சியின் வயிற்றிலும் கொக்கி வளைந்திருந்தது. சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா போனால், மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம், விளக்கில் பூச்சி விழுந்து செத்துவிடும் என்று. அந்த வீட்டுப் பெண் கொக்கியில் இறகு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சாப்பிடறதில்லப்பா. பிடிச்சதும் விட்டுடுவேன்" என்றாள்.

"விடறதுக்கு எதுக்குப் பிடிக்கற?"

நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள். "நாளைக்கு லீவு. நீங்களும் வாங்களேன்" என்றாள்.

மறுநாள் காலை புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரு மணி நேரக் கார் பயணம். கடைசி மூன்று மைல் மண்பாதை. பாதையின் முடிவில் ஒரு சிவப்பு வேன் நின்றது. பின்பக்கம் சாமான் ஏற்றும் தொட்டி வைத்த வண்டி. அதில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவரை "இவருதான் ரே" என்றாள் பத்மா. எழுபது வயதிருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"உங்க பொண்ணு போன மாசம் ஒரே நாள்ல பதினொண்ணு பிடிச்சா. நான் இரண்டு. அறுபது வருஷமா இங்கேயே நிக்கறேன், மீனுக்கெல்லாம் என் மூஞ்சி பழகிப்போச்சு" என்றார்.

"நேத்து அவரு ஒண்ணுகூடப் பிடிக்கல. அதான் காலையிலயே பேச்சு ஜாஸ்தி" என்று எனக்கு மட்டும் தமிழில் சொன்னாள். அவள் கிண்டல் செய்து கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆறு அகலமானது. நம் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்தால் கரைக்குக் கரை எட்டும். ஆனால் தண்ணீர் கொஞ்சம்தான் ஓடியது. நடு ஆற்றில் கூழாங்கல் மேடு ஒன்று முதுகு காட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு தெளிவான தண்ணீரை நான் ஆற்றில் பார்த்ததில்லை. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம். ஐந்து மைல் மேலே மின்சார அணை. அதன் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் வருவதால் கோடையிலும் ஐஸ் போலக் குளிருமாம். அந்தக் குளிரில்தான் அவர்கள் பிடிக்கும் டிரவுட் என்ற மீன் வாழுமாம்.

பத்மா மார்பு வரை ஏறும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்தாள். "மூணு மணிக்கு மேலதான் தண்ணி விடுவாங்கன்னு போட்டிருக்கு. ஆனா மாறும். கரண்ட் ஜாஸ்தி தேவைப்பட்டா முன்னாடியே விட்டுடுவாங்க."

"விட்டா சொல்லமாட்டாங்களா?"

"அணைகிட்ட சங்கு ஊதுவாங்க. இங்க கேக்காது."

எனக்குத் தாங்கவில்லை. நம்மூரில் அணையில் கதவு தூக்குவதற்கு முன்பே வருவாய்த்துறை, போலீஸ், ஊராட்சி என்று எல்லோருக்கும் தகவல் பறக்கும். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஆற்றோர ஊர்களில் கத்திக்கொண்டே போவார்கள். ஆடு மேய்க்கிறவரைக்கூடத் தேடிப்போய்ச் சொல்வோம். "இது இன்னா ஊரு? ஒருத்தன் வந்து சொல்ல வேணாமா?" என்றேன்.

"அவங்கவங்கதான் பாத்துக்கணும்ப்பா" என்றாள். பிறகு கரையோரம் குனிந்து, பாதி தண்ணீருக்குள்ளும் பாதி வெளியிலும் கிடந்த ஒரு கல்லைக் காட்டினாள். வெளுப்பான கல், தேங்காய் அளவு. "இந்தக் கல்லத்தான் பாத்துக்கிட்டிருப்போம். இன்னிக்கி நீங்க பாருங்க. முழுகுச்சுன்னா கூப்பிடுங்க. நான் வந்துடுவேன்."

இருபது வருஷமாக அணையின் நீர்மட்டத்தைத் தினம் இருவேளை குறித்தவனுக்கு ஒரு கல்லைப் பார்க்கும் வேலை. சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் இந்தக் கரையோரம் ஓடிய கால்வாய் போன்ற ஆழமான இடத்தைத் தொடையளவு தண்ணீரில், கோல் ஊன்றிக் கடந்து, நடுமேட்டுக்குப் போனாள். ரே மேல்பக்கம் நடந்து ஒரு வளைவில் மறைந்தார். பத்மா கையை முன்னும் பின்னும் வீச, தூண்டில் கயிறு காற்றில் நீண்டு, மடிந்து, மறுபடி நீண்டு, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. உடைந்த மணிக்கட்டு அந்தக் கைதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஒரு மீன் மாட்டியது. வலையோடு அதைத் தண்ணீரிலேயே வைத்துக் கால்வாயைக் கடந்து எனக்குக் காட்டக் கொண்டுவந்தாள். முழங்கை நீளம். பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை. வாய் திறந்து திறந்து மூடியது. கையை நனைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினாள்.

"வலிக்காதாம்மா?"

"வலிக்கும்."

நான் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தேன். மீனின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தாள். பிறகு கையை எடுத்தாள். மீன் அங்கேயே நின்றது.

"பாருங்க, போகாது. விட்டுட்டாங்கன்னு அதுக்குத் தெரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள்.

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வால் ஒருமுறை அசைந்தது. அடுத்த நொடி அங்கே கூழாங்கற்கள் மட்டும் இருந்தன.

புளிசாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி நடுமேட்டுப் பக்கம் போய் ஆற்றில் இறங்கினாள். மதியம் பன்னிரண்டு இருக்கும். மல்லிகா போன் செய்தாள். அங்கே இரவு பத்தரை. "கேட்டீங்களா?" என்றாள். "இன்னிக்கிக் கேக்கறேன்" என்றேன். "இதையேதான் தினமும் சொல்றீங்க" என்று வைத்துவிட்டாள்.

பேசும்போதும் கல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் தூங்கவில்லை, கவனம் சிதறவில்லை. "அப்பா, கல்லு?" என்று பத்மா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பார்த்தேன். கல் அங்கேயே இருந்தது, அதன் கரும்புள்ளிகள்கூடத் தெரிந்தன. கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று காட்டினேன். தண்ணீரின் நிறத்தையும் பார்த்தேன். தென்பெண்ணையில் வெள்ளம் முதலில் நிறத்தில்தான் வரும். செம்மண் கலங்கி, நுரையும் வைக்கோலும் சுமந்து, மண்வாடையோடு வரும். பிறகுதான் மட்டம் ஏறும். முழுகிய கல் கண்ணுக்கே தெரியாது. இந்தத் தண்ணீர் துளிகூடக் கலங்கவில்லை.

வளைவிலிருந்து ரே ஓடிவந்தார். அந்த வயதில், அந்த ரப்பர் உடையில், ஓடிவந்தார். "தண்ணி ஏறுது! அவளை வெளியே வரச் சொல்லுங்க!"

"இல்லையே, கல் இருக்கிறதே" என்றேன் ஆங்கிலத்தில். அதைத் தொட்டுக் காட்டலாம் என்று குனிந்து கையை நீட்டினேன். கை முழங்கை வரை தண்ணீருக்குள் போன பிறகுதான் விரல் கல்லில் பட்டது.

நிமிர்ந்தேன். நடுமேடு காணாமல் போயிருந்தது. பத்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலருகே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"பத்மா, வாம்மா! இங்க வந்துடு! வா, வா!" கத்தினேன். இரண்டு கையையும் நீட்டிக் கத்தினேன். அவள் என்னை நோக்கி இரண்டடி வைத்தாள்.

"வேண்டாம்!" என்று ரே என்னைத் தோளில் பிடித்து இழுத்தார். "இந்தப் பக்கம் ஆழம்! அந்தக் கரைக்குப் போ! அந்தப் பக்கம் போ!"

எங்களுக்கும் அவளுக்கும் நடுவே அந்தக் கால்வாய் இருந்தது. காலையில் தொடையளவு ஓடியது இப்போது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். இரண்டு கிழவர்கள் இரண்டு மொழியில் எதிரெதிராகக் கத்தினோம். அவள் ஒரு கணம் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி, மறுகரையை நோக்கி நடந்தாள்.

பாதி வழியில் விழுந்தாள். தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. நான் தண்ணீரில் இறங்கியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, ரேதான் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். கொஞ்சம் கீழே தள்ளி அவள் தலை வந்தது, தோள் வந்தது, கோலை ஊன்றி எழுந்தாள். தூண்டில் போய்விட்டது. தவழ்ந்து மறுகரையில் ஏறி, ஒரு மரத்தின் வேரில் உட்கார்ந்தாள்.

ரே என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து மெதுவாகப் பேசினார், பள்ளிக்குழந்தையிடம் பேசுவதுபோல. "பாலம் ரொம்பக் கீழே இருக்கு. நான் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போக நாற்பது நிமிஷம் ஆகும். அவ உள்ளே முழுக்க நனைஞ்சிருக்கா. இந்தத் தண்ணி ஆளைக் கொன்னுடும். உட்கார விடாதீங்க. நடக்கவையுங்க, பேசவையுங்க. பேச்சு குழறினா எனக்குச் சொல்லுங்க." தன் எண்ணை என் கைபேசியில் போட்டுக்கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பத்மாவின் கைபேசி ரப்பர் உறையில் கழுத்தில் தொங்கியது. நல்லவேளை. அடித்தேன். மறுகரையில் அவள் அதைத் தூக்குவது தெரிந்தது.

"எழுந்திரும்மா. உட்காரக் கூடாதாம்."

"தெரியும்ப்பா." எழுந்து நடந்தாள். பத்தடி போவாள், திரும்புவாள். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. எங்களுக்கு நடுவே ஆறு, இப்போது நிரம்பி, அப்போதும் கண்ணாடிபோல, ஓடிக்கொண்டிருந்தது.

"நடக்கறியா?"

"பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க."

"கையைத் தேச்சுக்கோ."

"ம்."

"ஏதாவது பேசுங்கப்பா. சும்மா இருந்தா உட்காரத் தோணுது" என்றாள்.

"எதிர்வீட்டு மொட்டைமாடியில செல்போன் டவர் வெச்சிட்டாங்க. உங்கம்மா சண்டைக்குப் போனா."

"யாரு ஜெயிச்சாங்க?"

"டவருதான். ஆனா இப்ப சிக்னல் நல்லாக் கிடைக்குதுன்னு அவளேதான் சொல்றா."

சிரித்தாள். சிரிப்பு துண்டு துண்டாக வந்தது. முப்பது நிமிஷம் பாக்கி இருந்தது. டவர் தீர்ந்துவிட்டது. இருபது வருஷம் ஊர் ஊராக எச்சரிக்கை சொன்னவனுக்குத் தன் பெண்ணிடம் பேச அரை மணிக்கு விஷயமில்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

"பத்மா. அன்னிக்கி ஐப்பசியில போன் பண்ணியே."

நின்றுவிட்டாள்.

"நிக்காதம்மா, நட. அன்னிக்கி இன்னா சொல்ல வந்த?"

"இப்ப கேக்கறீங்களா?"

"இப்பதான் கேக்கறேன்."

பத்தடி போனாள், திரும்பினாள். மறுபடி போனாள். "பாத்ரூம்ல நின்னு பேசினேன்ப்பா. வெளிய கேக்கக்கூடாதுன்னு குழாயத் திறந்துவிட்டிருந்தேன். முன்னாடியே கண்ணாடியப் பாத்து ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன். அழாம வருதான்னு. அழுதா நீங்க பயந்துடுவீங்க, அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடும்."

"குரல்ல எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா."

"தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சுது. போன வெச்ச உடனே தெரிஞ்சுது. நல்லாப் பேசிட்டேன் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பிறகு சொன்னாள். நடந்துகொண்டே, வரிசையில்லாமல், சில இடங்களில் மூச்சு வாங்கி. மணிக்கட்டு எப்படி உடைந்தது என்பதையும் சொன்னாள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை, அவை அவளுடையவை. நான் குறுக்கே பேசவில்லை. நிற்கும்போது மட்டும் "நடம்மா" என்றேன். ஒரு பெண் ஆற்றங்கரையில் முன்னும் பின்னும் நடப்பதை இக்கரையிலிருந்து பார்த்தபடி, அவள் குரலைக் காதுக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன். என் கால்கள் நனைந்திருந்தன என்பதே அப்போது தெரியவில்லை.

முடித்தபோது, "தப்பு என்னுதும்மா" என்றேன்.

"ஆமாம்ப்பா" என்றாள்.

இல்லையென்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஆனால் அந்த 'ஆமாம்' கேட்டபிறகு, இத்தனை நாளும் இல்லாத ஒரு நிதானம் வந்தது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன், பதிலும் வந்துவிட்டது.

"நீங்க என்னைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தீங்க" என்றாள் அவளே. "வந்த அன்னிக்கே தெரியும். நான் வரலப்பா."

"ம்."

"வேங்கிக்கால்ல மாடியில துணி காயவெச்சாக்கூட நாலு வீட்லருந்து பாவம்னு பாப்பாங்க. இங்க யாரும் என்னைப் பாவம்னு பாக்கறதில்ல. ரே என்னைப் பாத்தாப் பொறாமைப்படறாரு."

"சரிம்மா."

"சரின்னா?"

"சரின்னுதான். நான் கூப்பிடல."

மறுகரை மரங்களுக்கிடையே சிவப்பாக வண்டி தெரிந்தது. ரே இறங்கி ஓடிவந்து அவளைக் கம்பளியில் சுற்றினார். அவர் ஏதோ சொல்ல, அவள் தலையை ஆட்டினாள். "வண்டியில ஏறறேன்ப்பா" என்று வைத்தாள்.

அவர்கள் சுற்றிக்கொண்டு வந்து சேரும்வரை நான் தனியாக நின்றேன். கார் பூட்டியிருந்தது, சாவி அவளிடம். ஆற்றோரம் போய்க் கல்லைத் தேடினேன். இப்போதும் தெரிந்தது.

வந்து இறங்கினார்கள். ரேயின் பழைய சட்டையும் கால்சட்டையும் அவள்மேல் தொளதொளவென்று தொங்கின. உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. "ஒரு தூண்டிலோட விட்டுச்சு ஆறு. பரவாயில்லை" என்றார் ரே. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கல்லைப் பத்தி நான்தான் சொல்லியிருக்கணும்" என்றார். "இந்தத் தண்ணியில பார்த்தால் போதாது. தொட்டுப் பார்க்கணும்." என்னைக் குறை சொல்லாமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காரில் ஏறினோம். பத்மா இன்ஜினைப் போட்டு, ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, வண்டியை நகர்த்தாமல் கையை அதற்கு நேராக நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் மிச்சமிருந்த புளிசாதத்தைக் கொடுத்தேன். இரண்டு வாய் தின்றாள்.

"அம்மாகிட்ட இன்னா சொல்லப்போறீங்க?"

"நீ வரலன்னு சொல்றேன். ஏன்னு கேப்பா. நீ சொன்னதச் சொல்லட்டுமா?"

யோசித்தாள். "சொல்லுங்க. ஆனா அழுவாங்கப்பா."

"அழட்டும்மா. அழுதா இன்னா இப்போ?"

பத்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாதப் பெட்டியை மூடி என் மடியில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. குளிர் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் வந்தது. சின்ன வயதில் அழுததுபோலப் பெருஞ்சத்தமாக, வாய்விட்டு. கண்ணாடியெல்லாம் புகைபடிந்தாற்போல் மூச்சில் மங்கிவிட்டது.

அழாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.